மாநகராட்சியிடம் எதைக் கேட்பது, அரசிடம் எதைக் கேட்பது: நகரின் முன்னுரிமைப் பட்டியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியிருப்போர் நலச்சங்கங்கள் கவுன்சிலரிடம் கொடுக்கும் மனுக்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். சாலை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, பூங்கா, நாய்த் தொல்லை, கூடுதல் பேருந்து, குடிநீர் என்று எல்லாம் ஒரே தாளில், வரிசை எண்ணோடு. கவுன்சிலரும் வாங்கிக்கொள்வார், மன்றக் கூட்டத்தில் பேசவும் செய்வார். மேயர் ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்பார். அடுத்த வருடமும் அதே மனு தேதி மட்டும் மாறி வரும். அதிகாரிகளின் அலட்சியம் ஒரு காரணம்தான். ஆனால் அந்தப் பட்டியல் தயாரான விதத்திலேயே சில கோளாறுகள் இருக்கின்றன. மாநகராட்சி மன்றமே அரசுக்கு அனுப்பும் தீர்மானங்களிலும் இதே கோளாறுகளைப் பார்க்கலாம்.

தவறான கதவைத் தட்டுவது

சென்னையை எடுத்துக்கொள்வோம். ஒரு தெருவின் மேல்பரப்பும் தெருவிளக்கும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சியுடையவை. அதே தெருவுக்கு அடியில் ஓடும் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் மெட்ரோ வாட்டர் என்று நாம் சொல்லும் குடிநீர் வாரியத்துடையவை. அது தனிச் சட்டத்தின்கீழ் 1978-ல் உருவான வாரியம், மாநகராட்சி மன்றத்துக்குக் கட்டுப்பட்டது கிடையாது. மின் கேபிள் மின்வாரியத்துடையது. அந்தத் தெரு போய்ச் சேரும் பெரிய சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். அதில் ஓடும் பேருந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையது. பெரிய கட்டடங்களுக்கு அனுமதி தருவது சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்.

இதைப் பிரிக்காமல் ‘எங்கள் தெருவுக்குப் புதுச் சாலை வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்? சாலை வரும். மூன்று மாதத்தில் குழாய் போட யாராவது வந்து அதை வெட்டுவார்கள். வெட்டிய இடத்தில் மண்ணைத் தள்ளி, மேலே ஒரு பேட்ச் ஒர்க். சாலைக்குச் செலவான பணம் போனது போனதுதான். அதனால் மனுவில் சாலையைக் கேட்பதற்கு முன், அந்தத் தெருவில் குடிநீர் வாரியத்துக்கோ மின்வாரியத்துக்கோ பாக்கி வேலை இருக்கிறதா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். சாலை உயர்ந்து வீடு பள்ளமாகாமல் இருக்க இதையும் ஒரு வரி சேர்த்துவிடலாம்.

மற்ற மாநகராட்சிகளில் குடிநீர் பெரும்பாலும் மாநகராட்சியின் பொறுப்பிலேயே இருக்கிறது. அதற்கென்று குடிநீர் மற்றும் வடிகால் நிதி என்ற தனிக் கணக்கே உண்டு. சென்னையில் செல்லுபடியாகும் கோரிக்கைப் பட்டியலைக் கோவைக்கு அப்படியே எடுத்துப் போக முடியாது.

சட்டம் மாற வேண்டிய இடத்தில் பணம் கேட்பது

இந்தத் தவறைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன், ஏனென்றால் இதை யாரும் தவறாகவே நினைப்பதில்லை. நகரின் கோரிக்கைகளில் சில மன்றத் தீர்மானத்தோடு முடிந்துவிடும். சிலவற்றுக்கு அரசாணை வேண்டும். சிலவற்றுக்குச் சட்டமன்றத்தில் திருத்தமே வர வேண்டும். மூன்றையும் ஒரே தீர்மானத்தில் கலந்து ‘அரசைக் கேட்டுக்கொள்கிறது’ என்று முடித்தால், கோட்டையில் அதை எந்தப் பிரிவு படிப்பது என்பதே தெளிவாக இருக்காது.

சொத்து வரி நல்ல உதாரணம். சென்னையில் 1998-க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் பொதுச் சீராய்வு, அதாவது ஊர் முழுக்க வரியைத் திருத்துவது, நிலைக்காமல் கிடந்தது. 2018-ல் உயர்த்தி, அடுத்த வருடமே நிறுத்தி வைத்தார்கள். 2022 ஏப்ரலில் வந்தபோது 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதத்தில் தொடங்கி, சென்னையின் பழைய பகுதிகளில் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 150 சதவீதம் வரை போனது. அதைக் கண்டித்துப் பல இடங்களில் குரல் எழுந்தது. ஆனால் அந்த உயர்வுக்குப் பின்னால், மத்திய அரசின் மானியத்தை எப்படிப் பங்கிடுவது என்று பரிந்துரைக்கும் 15-வது நிதி ஆணையத்தின் நிபந்தனை இருந்தது: மாநிலம் குறைந்தபட்ச வரி விகிதத்தை அறிவிக்க வேண்டும், வசூலும் மாநிலப் பொருளாதார வளர்ச்சியை ஒட்டி வளர வேண்டும், இல்லையென்றால் மானியம் வராது. ஒரு மாநகராட்சி மன்றம் தனியாக உட்கார்ந்து ‘உயர்த்த மாட்டோம்’ என்று தீர்மானம் போட்டு இதை மாற்றிவிட முடியாது. சலுகை வேண்டுமென்றால் யாருக்கு, எந்த விதியில் என்று குறிப்பிட்டு அரசிடம் கேட்பதுதான் வழி. நிபந்தனையே வேண்டாம் என்றால் கதவு டெல்லியில் இருக்கிறது.

இன்னொன்று, பழைய சட்டத்தைக் காட்டிக் கேட்பது. 1919-ம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்தையும் 1920-ம் ஆண்டின் நகராட்சிகள் சட்டத்தையும் இன்னும் சிலர் மனுவில் மேற்கோள் காட்டுகிறார்கள். 2023 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருப்பது தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998. (ஆமாம், 1998-ல் நிறைவேறிய சட்டம். இருபது வருடத்துக்கு மேல் பெட்டியில் கிடந்தது.) கோரிக்கை எழுதும் முன் புதிய சட்டத்தையும் 2023 விதிகளையும் ஒருமுறை புரட்டுவது நல்லது. ‘சட்டம் போடுங்கள்’ என்று கேட்பது ஏற்கெனவே அதில் இருக்கவும் வாய்ப்புண்டு.

ஒதுக்கிய பணத்தை எல்லாவற்றுக்கும் எண்ணுவது

மத்திய மானியம் வந்திருக்கிறதே, அதில் பூங்கா கட்டலாமே என்பார்கள். பெரும்பாலும் முடியாது. 2021-26 காலத்துக்கான நிதி ஆணைய மானியத்தில், பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்டது. மீதி 40 சதவீதத்தில்தான் கை வைக்க முடிந்தது. சென்னை, கோவை, மதுரை போன்ற பெருநகரங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு காற்றின் தரத்துக்கு, மற்றது குடிநீருக்கும் குப்பைக்கும். நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்கான மத்தியத் திட்டமான அம்ருத் 2.0-விலும் மத்திய அரசின் பங்கு ஊரின் அளவைப் பொறுத்து மாறும்: ஒரு லட்சத்துக்குக் குறைவான ஊருக்குப் பாதி, பத்து லட்சம் வரை மூன்றில் ஒன்று, அதற்கு மேல் கால் பங்கு. மீதி மாநிலமும் நகரமும் போட வேண்டும். ‘டெல்லி கொடுக்கிறது’ என்று சொல்லித் திட்டத்தை ஏற்ற பிறகுதான் பல இடங்களில் நகரின் பங்கு எங்கே என்று தேடுவார்கள்.

கட்டுவதற்கு மட்டும் கணக்குப் போடுவது

பொதுக் கழிப்பறை கட்டுவதற்கு எம்.எல்.ஏ. நிதி கிடைக்கும், கவுன்சிலர் நிதி கிடைக்கும், திறப்பு விழாவும் நடக்கும். அதைக் கழுவுகிறவருக்குச் சம்பளம், மோட்டார் ரிப்பேர், தண்ணீர் லாரி? இதற்குப் பெரும்பாலான திட்டங்களில் செலவுத் தலைப்பு கிடையாது, பெரும்பாலும் மாநகராட்சியின் வருவாய் நிதியில் இருந்துதான் போக வேண்டும். ஆறு மாதத்தில் பூட்டு தொங்குவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இதை முன்கூட்டியே யோசித்த ஊரும் இருக்கிறது. ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி. 1996-ல் தலைவரான ஆர்.எஸ்.பாரதியின் காலத்தில் பாதாளச் சாக்கடை வேண்டும் என்று முடிவெடுத்தபோது, அரசு மானியத்துக்காக மட்டும் காத்திருக்கவில்லை. வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கு 10,000 ரூபாய் என்று இணைப்பு முன்பணம் வசூலித்தார்கள். மக்கள் முதலில் தயங்கியதில் வியப்பில்லை, குழி தோண்டும் முன்பே பணம் கேட்டால் யார்தான் நம்புவார்கள்? நலச்சங்கங்களைக் கூடவே வைத்துக்கொண்டு பேசிப் பேசித்தான் பணம் சேர்ந்தது. மீதிக்குக் கடனும் மானியமும். முக்கியமான விஷயம், மாதாமாதம் வீட்டுக்கு 150 ரூபாய் கட்டணம் என்பதையும் முன்பே பேசி முடித்துவிட்டார்கள். கடனை அடைப்பது, குழாயைப் பராமரிப்பது, சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டுவது எல்லாம் அந்தக் கணக்கில் வந்தன.

எல்லாத் திட்டத்துக்கும் மக்களிடம் பணம் கேட்கச் சொல்லவில்லை. ஏழைகள் அதிகமுள்ள வார்டில் அது நியாயமும் ஆகாது. ஆனால் ஐந்தாவது வருடம் யார் செலவு செய்வார்கள் என்ற ஒரு வரி, கேட்கிற ஒவ்வொரு கட்டடத்துக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எல்லா வார்டுக்கும் சமமாகப் பங்கு போடுவது

சென்னையில் 200 வார்டு. வார்டுக்கு இவ்வளவு என்று பிரித்தால் சண்டை வராது, உண்மைதான். ஆனால் வடிகால் இருக்கும் வார்டும் வெள்ளத்தில் மிதக்கும் வார்டும் ஒரே தொகை வாங்கும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-ல் மக்களை வைத்துப் பட்ஜெட் போட ஆரம்பித்தபோது மக்கள்தொகை, வசதிக் குறைவு, மக்கள் கேட்ட முன்னுரிமை ஆகியவற்றுக்கு எடை கொடுத்துப் பிரித்தது. நம் ஊரில் குறைந்தபட்சம் தண்ணீர் தேங்கும் இடங்களின் பட்டியலையாவது ஒதுக்கீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மார்ச் மாதம் கேட்பது

மாநகராட்சி பட்ஜெட் மார்ச்சில் வாசிக்கப்படும்போது எண்கள் ஏற்கெனவே அச்சில் இருக்கும். அதிகாரிகள் மதிப்பீடு தயாரிப்பது அதற்குப் பல மாதம் முன்பே. அரசிடம் கேட்பவை சட்டமன்றத்தில் நகராட்சி நிர்வாகத் துறையின் மானியக் கோரிக்கை (துறையின் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் விவாதம்) வருவதற்கு முன் துறைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அமைச்சரின் அறிவிப்புகள் அன்றுதான் வரும். ஆகவே மழைக்காலத்திலேயே பட்டியல் தயாராக வேண்டும், எந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று போட்டோவோடு காட்டவும் அதுவே சரியான நேரம்.

கவுன்சிலர் தலைமையிலான வார்டுக் குழுவும், வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபையும் இதற்கென்று 2022-ல் விதி போட்டு வந்தவை. அந்த ஆண்டு நவம்பர் 1-ம் தேதி பம்மலில் நடந்த பகுதி சபைக்கு முதல்வரே போனார். உங்கள் பகுதியில் கூட்டம் நடந்தால், வந்த கூட்டத்தின் எண்ணிக்கையைவிடத் தீர்மானப் புத்தகத்தைப் பாருங்கள். ‘சாலைகளைச் சீரமைக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தால், எந்தத் தெரு, எங்கிருந்து எங்கே, எத்தனை மீட்டர் என்று சேர்க்கச் சொல்லி, நகல் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.