ஏற்காட்டுப் பனியா, எக்ஸ்போர்ட் கோளாறா? வீடியோ மங்கலாக வந்தால் எங்கிருந்து பார்ப்பது

போன மாதம் ஏற்காடு போய் வந்ததும், போனில் எடுத்ததையெல்லாம் வீட்டு லேப்டாப்பில் ஷாட்கட் என்ற எடிட்டிங் மென்பொருளில் போட்டு வெட்டி ஒட்டி, ஆறு நிமிட வீடியோவாக்கி அம்மாபேட்டை மாமா வீட்டு டிவியில் ஓட்டினேன். மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அன்னைக்குப் பனி நல்லா எறங்கிருச்சாட்ட இருக்குதே மாப்ள" என்றார். அன்றைக்குச் சுள்ளென்று வெயில்.

கோளாறு என் கைவேலைதான். அதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. உங்களுக்கு அரை மணி நேரம் போதும், வரிசையாகப் பார்த்தால்.

முதலில் எந்த செட்டிங்கிலும் கை வைக்காதீர்கள். மங்கல் எந்த இடத்தில் நுழைந்தது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் வீண். போனில் இருக்கும் அசல் கிளிப்பைக் கேபிள் வழியாக லேப்டாப்புக்கு எடுத்து, விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் முழுத்திரையில் ஓட்டுங்கள். அதிலேயே கலங்கல் என்றால் எடிட்டிங் மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. லென்ஸில் கைரேகை இருந்திருக்கும், அல்லது லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றுகொண்டு கீழே சேலம் ஊரைக் காட்டுகிறேன் என்று இரண்டு விரலால் திரையை இழுத்து ஜூம் செய்திருப்பீர்கள். பெரும்பாலான போன்களில் அந்த ஜூம் இருக்கிற படத்தையே ஊதிப் பெரிதாக்குவதுதான்.

அசல் தெளிவாக இருக்கிறதா? சரி, அடுத்தது எடிட்டர் திரை. எடிட் செய்யும்போது மட்டும் மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டர் திணறாமல் இருக்கக் குறைந்த தரத்தில் காட்டுகிறது. ஷாட்கட்டில் இதன் பெயர் ப்ரிவியூ ஸ்கேலிங், கேடென்லைவ் என்ற இன்னொரு எடிட்டரில் ப்ராக்ஸி. எடிட் செய்ததை ஒரே வீடியோ ஃபைலாக்கி வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் பக்கத்தில் இவற்றைப் பயன்படுத்தச் சொல்லும் ஒரு டிக் இருக்கும், அந்த டிக் மட்டும் விழாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் ப்ராஜெக்ட் அளவு. நான் முதலில் விழுந்த குழி இதுதான். ஷாட்கட்டில் வீடியோ மோடு ஆட்டோமேட்டிக்கில் இருந்தால், நீங்கள் முதலில் உள்ளே போடும் கிளிப்பின் அளவையே மொத்த ப்ராஜெக்ட்டும் எடுத்துக்கொள்ளும். நான் முதலில் போட்டது மச்சினன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படகுத்துறை கிளிப், சுருங்கிப்போன சின்ன சைஸ். பின்னால் வந்த 1920க்கு 1080 பிக்சல் (படப்புள்ளி) கிளிப்புகளெல்லாம் அந்தச் சட்டைக்குள் நுழைய வேண்டியதாகிவிட்டது. அதனால் புது ப்ராஜெக்ட் தொடங்கும்போதே வீடியோ மோடில் 1080பி 30 என்று நீங்களே தேர்ந்தெடுத்துவிடுங்கள். போனை நிறுத்திப் பிடித்து எடுத்த கிளிப்பை அகலத் திரை முழுக்க நிரப்ப நினைக்காதீர்கள்: 1080 அகலத்தை 1920க்கு இழுத்தால் கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஊதியது போல ஆகும், கலங்காமல் என்ன செய்யும்? இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி முக்கியமான விஷயம், பிட்ரேட். ஒரு நொடி வீடியோவுக்கு எவ்வளவு டேட்டா செலவழிக்கிறோம் என்பதுதான் அது. ரெசல்யூஷன், அதாவது படத்தின் பிக்சல் அளவு, 1080 என்று சரியாகவே இருக்கும், ஆனால் டேட்டா போதாமல் படம் கட்டம் கட்டமாகக் குழைந்துவிடும். கணக்கு எளிது: ஃபைல் அளவை எம்பியில் எடுத்து 8ஆல் பெருக்கி (ஒரு பைட்டுக்கு 8 பிட்), மொத்த நொடிகளால் வகுங்கள். என் ஃபைல் 45 எம்பி, 360 நொடி, ஆக நொடிக்கு 1 மெகாபிட். நொடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 படம், ஓடும் 1080 வீடியோவுக்கு யூடியூப் கேட்பதே 8 மெகாபிட், 60 ஃப்ரேம் என்றால் 12. சின்ன ஃபைலாக இருக்கட்டும் என்று கஞ்சத்தனம் பார்த்ததன் பலன்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வீட்டு ஹாலில் உட்கார்ந்து பேசும் வீடியோ குறைந்த பிட்ரேட்டிலும் நன்றாகவே வரும், ஏனென்றால் பின்னால் சுவர் அசைவதில்லை. முந்தின ஃப்ரேமிலிருந்து மாறியதை மட்டும் எழுதினால் போதும். ஏற்காடு அப்படியா? 20 கொண்டை ஊசி வளைவிலும் கார் ஜன்னல் வழியாக எடுத்தால் திரையில் ஓர் அங்குலம்கூட நிற்காது. காபித் தோட்டத்து இலைகள், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, கிள்ளியூர் அருவித் தண்ணீர் எல்லாமே ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதிது. அதனால்தான் என் வீடியோவில் அம்மா பேசும் இடம் பளிச்சென்றும் அருவி மாவு கரைத்தது போலவும் இருந்தது. மலை வீடியோவுக்கு நான் 12 மெகாபிட் வைக்கிறேன். ஆறு நிமிடத்துக்கு 540 எம்பி வரும், பரவாயில்லை. மொத்தத்தையும் எக்ஸ்போர்ட் செய்து காத்திருக்காமல், இருப்பதிலேயே அதிகம் அசையும் பத்து நொடிக் கிளிப்பை மட்டும் தனி ப்ராஜெக்ட்டில் போட்டுச் சோதியுங்கள். அது தேறினால் மற்றதெல்லாம் தேறும்.

வந்த ஃபைலை விஎல்சியில் திறந்து கன்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அழுத்தினால் ரெசல்யூஷனும் ஃப்ரேம் ரேட்டும் தெரியும். ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஃபைல் லேப்டாப்பில் தெளிவு, சொந்தக்காரர் போனில் மங்கல் என்றால் வழியில்தான் கெட்டிருக்கிறது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும்; டாக்குமென்ட்டாக இணைத்தால் 2 ஜிபி வரை அப்படியே போகும். மாமாவுக்கு நான் பென்டிரைவிலேயே கொடுத்துவிட்டேன். யூடியூபில் ஏற்றுபவர்கள் ஏறி முடித்த கையோடு லிங்க்கை அனுப்பிவிடாதீர்கள், முதலில் குறைந்த தரம்தான் தயாராகும். தரப் பட்டியலில் 1080 வந்த பிறகு அனுப்புங்கள்.