பழைய பிக்கப்பில் ஃபோர் வீல் இழுக்கவில்லையா? டிரான்ஸ்பர் கேஸைப் பிரிக்கும் முன் இதைப் பாருங்கள்

ஐப்பசி மழைக்குப் பிறகு கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில் வண்டி புதைகிறது. ஃபோர் வீல் போட்டும் நகரவில்லை. உடனே ‘டிரான்ஸ்பர் கேஸ் போச்சு’ என்று, முன்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் அந்தப் பெட்டியைப் பட்டறையில் இறக்கிப் பிரிக்கிறார்கள். பிரிப்பது கடைசி வேலை. கோளாறு பெரும்பாலும் முன்சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்ட்டோடு பிணைக்கும் ஹப்பிலோ, ஒரு ஹோஸிலோ, தேய்ந்த புஷ்ஷிலோதான் இருக்கும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சேற்றில் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் சுற்றினால் ஃபோர் வீல் வேலை செய்கிறது. இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் சாதா டிஃபரன்ஷியல் பிடிமானம் இல்லாத சக்கரத்தையே சுற்ற விடும். முன்சக்கரம் இரண்டுமே அசையாவிட்டால்தான் கோளாறு.

சோதிக்கச் சமதளமான சிமெண்ட் தரை வேண்டும். 4H, அதாவது வேகமான ஃபோர் வீல் நிலை, போட்டு (லீவருக்குப் பதில் சுவிட்ச் உள்ள வண்டியில் லைட் நிலைத்த பிறகு) எஞ்சினை நிறுத்தி, முதல் கியரில் விடுங்கள். பின்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். முன்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். இப்போது கேஸிலிருந்து முன் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சிறிது ஆட்டம் இருக்கலாம், முழுச் சுற்று சுற்றக் கூடாது. சுற்றினால் கேஸ் சேரவில்லை. சுற்றாமல் நின்றால் கேஸ் நன்றாக இருக்கிறது, ஹப்புக்குப் போங்கள்.

ஹப்பை லாக்கில் வைத்து இடது சக்கரத்தைச் சுற்றினால் வலது சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். வலது நின்றுவிட்டால் ஒருவரை உள்ளே ஆக்சில் ஷாஃப்ட்டைக் கவனிக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் சக்கரம் சுற்றி ஷாஃப்ட் நிற்கிறதோ, அல்லது ஷாஃப்ட் சுற்றிச் சக்கரம் நிற்கிறதோ, அந்தப் பக்க ஹப்தான் பிடிக்கவில்லை. கையால் திருப்பும் ஹப் என்றால் மூடியைக் கழற்றி டீசலில் கழுவி, மெல்லிசாக மட்டும் கிரீஸ் தடவுங்கள். பேரிங்குக்கு வைப்பது போல அப்பினால் அது இறுகி, பல்வளையம் நகராமல் நின்றுவிடும். இந்தக் கோளாறு பல வண்டிகளில் மனிதர் செய்ததுதான்.

பம்ப்பின் உறிஞ்சலால் பிடிக்கும் வேக்குவம் ஹப் என்றால், வண்டியைக் கீழே இறக்கி, 4H-ஐ எடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் ஓடும்போது பாருங்கள். ஹப் பக்கத்து ஹோஸைக் கழற்றி விரலால் மூடி, இன்னொருவரை 4H போடச் சொன்னால் உறிஞ்சுவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வெயிலில் வெடித்த ரப்பர் ஹோஸ், மின்சாரத்தில் திறக்கும் சொலினாய்டு வால்வு என்று பம்ப் வரை பின்னோக்கிப் போங்கள். பிரேக் பெடலும் கல் மாதிரி இருந்தால் பம்ப்பையே சந்தேகியுங்கள்; பிரேக் பூஸ்டருக்கும் அங்கிருந்துதான் இழுப்பு. அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

கேஸ் சேராத வண்டியில் லீவர் முழுதாக உட்காருகிறதா என்று பாருங்கள். லீவரைக் கேஸோடு இணைக்கும் லிங்க் புஷ் தேய்ந்தால் பாதியில் நிற்கும். போட்டது பாரத்தில் தானாகக் கழன்றால் கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள்: அது தொய்ந்திருந்தால் கேஸ் சாய்ந்து, லீவர் தரைத்தகட்டில் முட்டி வெளியே தள்ளப்படும். சுவிட்ச் வண்டியில் பியூஸ், ரிலே, ஷிஃப்ட் மோட்டார் சாக்கெட் என்ற வரிசை. சாக்கெட் பின்னில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் சுத்தம் செய்தாலே பலமுறை சரியாகிவிடும்.

போட்ட ஃபோர் வீல் கழலாவிட்டால் லீவரை உதைக்காதீர்கள். தார்ச்சாலையில் ஓட்டியதால் உள்ளே முறுக்கு ஏறியிருக்கும். நேராக ஐந்து மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் இளகும். அடிக்கடி இப்படி ஆனால் டயர்களை அளந்து பாருங்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு ஒரு சுற்று உருட்டினால் அளவு தெரியும். 2.2 மீட்டர் சுற்றளவில் முன்னுக்கும் பின்னுக்கும் 2 செ.மீ. வித்தியாசம் இருந்தாலே ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 9 மீட்டர் இழுபறி. அத்தனையும் செயினும் கியரும் கிராஸ் ஜாயின்ட்டும் தாங்க வேண்டும்.

கேஸிலோ ஆக்சிலிலோ ஆயில் மாற்றும்போது ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது இறுகியிருப்பது தெரியாமல் கீழ் பிளக்கைத் திறந்தால், ஆயில் ஊற்ற வழியின்றி வண்டி அங்கேயே படுத்துவிடும். ஆயில் பால்டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சூடான ஆக்சில் தண்ணீருக்குள் இறங்கிச் சட்டென்று குளிரும்போது, காற்று போய்வரும் துளையான பிரீதர் சேற்றில் அடைத்திருந்தால், சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிரீதரைக் கழுவி, ஒரு மீட்டர் ஹோஸ் மாட்டி எஞ்சின் அறையில் உயரமாகக் கட்டிவிடுங்கள்.