மாடித் தோட்டத்தில் கேரட் விதைப்பு

கேரட்டுக்கு நாற்று விடும் வேலை வேண்டாம். பிடுங்கி நட்டால் ஆணிவேர் முறிந்து கிழங்கு இரண்டு மூன்றாகக் கிளைத்துவிடும். வளரப்போகும் பையிலேயே நேரடியாக விதையுங்கள்.

சமவெளியில் ஐப்பசி, கார்த்திகை ஏற்ற மாதங்கள். ரகம் குரோடா; ஓரளவு வெப்பம் தாங்கும். ஓர் அடி ஆழமுள்ள பையில் செம்மண் 2 பங்கு, மணல், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), நன்கு மக்கிய தொழுவுரம் தலா 1 பங்கு. கல்லும் கட்டியும் இல்லாமல் சலித்துக்கொள்ளுங்கள். மக்காத சாணம் போட்டால் கிழங்கு கோணலாகும்.

கால் அங்குல ஆழத்தில் கோடு கிழித்து, விதையை மணலோடு கலந்து தூவி, லேசாக மூடி, ஈரச் சாக்கைப் போர்த்துங்கள். பலருக்குக் கேரட் பொய்த்துப்போவது இந்தக் கட்டத்தில்தான். முளைக்க 10 முதல் 20 நாள் ஆகும். அதற்குள் மேல்மண் ஒரே ஒரு நாள் காய்ந்தாலும் முளைவிட்ட விதை கருகிவிடும். காலையும் மாலையும் பூவாளியால் தெளியுங்கள். முதல் முளை தெரிந்ததும் சாக்கை எடுத்துவிடுங்கள். இரண்டு மெல்லிய இலைகளோடு புல் மாதிரி இருக்கும். களை என்று பிடுங்கிவிடாதீர்கள்!

கொத்தமல்லி போன்ற இலை வந்ததும் 2 அங்குலத்துக்கு ஒரு செடி விட்டு, மற்றதைக் கத்தரியால் தரையோடு வெட்டுங்கள். இழுத்தால் பக்கத்துச் செடியின் வேர் அசையும். மனம் வராமல் அப்படியே விட்டால் எல்லாமே விரல் பருமனில் நின்றுவிடும்.

காயவிட்டு மொத்தமாகத் தண்ணீர் ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். மண்ணுக்கு மேல் தெரியும் தோள்பகுதி பச்சையாகிக் கசக்கும்; மண் அணையுங்கள். சுமார் 90 நாளில் பிடுங்கலாம்.