தாது வருஷத்து ஒத்திப் பத்திரம்: கொள்ளுத்தாத்தாவைத் தேடிய வழி

கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்தவை அவர் பெயர், ஆவணி வளர்பிறைச் சப்தமியில் அவருக்குத் திதி என்ற தகவல், தகரப் பெட்டியில் பதினொரு பத்திரங்கள். இவ்வளவே போதும், ஒரு மனிதரின் இருபது வருஷத்தைத் திரும்பப் பெறலாம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மடிந்து இறுகிய தாளை வலிந்து பிரிக்க வேண்டாம். டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் கூடவே கூடாது. ஜன்னலோரமாக வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் இருபக்கமும் படமெடுங்கள். பதிவான பத்திரம் என்றால் பதிவு எண்ணும் அலுவலகத்தின் பெயரும் பின்பக்கத்தில்தான் இருக்கும். தாள் சிதைந்திருந்தாலும் அந்த எண்ணை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம்.

அடுத்தது தேதி. ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அந்தக் காலத்தில் கொல்லம் ஆண்டும் (மலையாள ஆண்டு) எழுதினார்கள். அது ஆவணியில் பிறக்கும். டிசம்பர் வரை 824, ஜனவரியிலிருந்து 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். எங்கள் முதல் பத்திரத்தில் "1052 தாது ௵ ஐப்பசி ௴" என்றிருந்தது. அதாவது 1876. வெறும் 'தாது' மட்டும் இருந்தால் 1816, 1876, 1936 எல்லாமே தாதுதான். அப்போது முத்திரைத் தாளைப் பாருங்கள்: விக்டோரியா ராணியின் தலை இருந்தால் மற்ற இரண்டும் அடிபட்டுப் போகும்.

அந்தத் தேதியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய நேரத்தில் நிலத்தை ஒத்திக்கு, அதாவது அடமானமாக, வைத்திருக்கிறார். மீட்ட குறிப்பு அதே தாளின் பின்னால் இருக்கிறது: 1062 விய வருஷம், மாசி. பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

பெயரில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் குடும்பங்களில் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும். நான் இரண்டு மாதம் அவரையும் அவர் தாத்தாவையும் ஒரே ஆளாக நினைத்துக் குழம்பினேன். "இன்னார் குமாரன்" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதுதான் ஆளைப் பிரித்துக் காட்டும். அப்புறம் நான்கெல்லையையும் சாட்சிகளையும் விடாமல் படியுங்கள். "என் தமையன் நிலத்துக்குத் தெற்கு" என்ற ஒரு வரியில்தான் அவருக்கு அண்ணன் இருந்ததே எங்களுக்குத் தெரிந்தது. ஒத்திப் பத்திரத்தில் எழுதத் தெரியாமல் தற்குறி போட்ட கொள்ளுத்தாத்தா, பிற்காலத்தில் வேறொருவர் பத்திரத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தகப்பன் பெயர் ஒத்துப்போகிறது, அவரேதான். இடையில் யாரிடமோ எழுதப் படித்திருக்கிறார்!

இறந்த ஆண்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். குடும்பத்துக்கு நாள் நினைவிருக்கும், வருஷம் மறந்திருக்கும். பத்திரத்தில் வருஷம் இருக்கும். அவர் பெயர் கடைசியாக வருவது 1072 பங்குனியில். 1075 தையில் மகன்கள் "காலஞ்சென்ற எங்கள் தகப்பனார்" என்கிறார்கள். அவர் திதி ஆவணியில், நடுவில் மூன்று ஆவணிகள்தான்: 1897, 1898, 1899. ஊர் நிலவரிக் கணக்கில் பசலி ஆண்டு எழுதுவார்கள். ஜூலையில் தொடங்கும் அதற்கு டிசம்பர் வரை 590 கூட்ட வேண்டும். ஆக எனக்கு வேண்டியது 1307, 1308, 1309 பசலிகள். எதில் பட்டா மகன்கள் பெயருக்கு மாறியது என்று பார்க்க மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.