ஒரே சேதியைத் தாளுக்கும் காதுக்கும் திரைக்கும் எழுதுவது எப்படி

பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையை மைக் முன்னால் வாசித்துப் பதிவு செய்தால் அது ஒலி நிகழ்ச்சி ஆகிவிடாது. அதையே நாலு துண்டாக வெட்டிப் படம் ஓட்டினால் வீடியோவும் ஆகாது. படிப்பவரும் கேட்பவரும் பார்ப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். ஆனால் அந்த நேரத்தில் அவருடைய கை காலியா, கண் காலியா, விட்டுப்போனதைத் திரும்பிப் பார்க்க வழி இருக்கிறதா என்பது ஊடகத்துக்கு ஊடகம் வேறு. எழுத்து மாறவேண்டியது அதற்காகத்தான்.

ஒரு சேதியை எடுத்துக்கொள்வோம்: ரத்த அழுத்த மாத்திரையை நடுவில் நிறுத்தக்கூடாது.

முதலில் ஆளைப் பிடியுங்கள்

'30 முதல் 50 வயது, பட்டதாரி, ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்' என்ற வகைக் குறிப்பால் ஒரு வரி கூட எழுத முடியாது. மாத்திரை போடுகிற ஆறேழு பேரிடம் ஆளுக்கு இருபது நிமிடம் பேசுங்கள். 'இப்படி ஒரு வீடியோ வந்தால் பார்ப்பீர்களா?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் மரியாதைக்குப் 'பார்ப்பேன்' என்றுதான் சொல்வார்கள். நடந்ததைக் கேளுங்கள்: கடைசியாக எப்போது மாத்திரை விட்டுப்போனது? அன்று என்ன நடந்தது? அடுத்து யாரிடம் கேட்டீர்கள்?

'பார்த்தேன், நார்மல்னு வந்துச்சு, அதான் நிறுத்திட்டேன்' என்று இரண்டு பேர் சொன்னால் உங்கள் சேதியே மாறிவிடுகிறது. 'மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள்' என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த அறிவுரை. அவர்களுக்குத் தெரியாதது, அளவு சரியாக இருப்பதே மாத்திரை வேலை செய்வதால்தான் என்பது. அந்த ஒரு வாக்கியத்தைத் தாளில் எழுதி மேலே ஒட்டிக்கொள்ளுங்கள். எல்லா ஊடகத்துக்கும் அதுதான் சரடு.

பேச்சில் அவர்கள் புழங்குகிற சொற்களையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். 'உயர் ரத்த அழுத்தம்' என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள், 'பிரஷர்' என்பார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். மாத்திரை போடுபவர் ஒருவராக, அதை வாங்கி வருபவர் இன்னொருவராக இருக்கலாம். கட்டுரையை முதலாமவர் படிப்பார், செல்பேசிச் சேதி மகளுக்குப் போகும். 'உங்கள் மாத்திரை' என்று எழுதுவதா, 'அப்பாவின் மாத்திரை' என்று எழுதுவதா என்பது இங்கேதான் தீர்மானமாகும்.

தாளில்

இங்கே படிப்பவருக்குத்தான் அதிகச் சுதந்திரம்: நிறுத்தலாம், மேலே போகலாம், அட்டவணையை இரண்டு முறை பார்க்கலாம். எண்கள், விதிவிலக்குகள், 'எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்' என்ற பட்டியல் எல்லாம் இங்கே தாங்கும். சரட்டு வாக்கியத்தை மட்டும் முதல் பத்தியிலேயே வைத்துவிடுங்கள். இணையப் பக்கமானால் துணைத்தலைப்பின் முதல் இரண்டு சொல்லிலேயே விஷயம் வரவேண்டும். கண் இடது ஓரமாக இறங்கிக்கொண்டே போகும், வரியின் கடைசிவரை வருவது குறைவு.

காதில்

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். தமிழில் வினை கடைசியில் வருகிறது. பெயருக்கு முன்னால் எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். தாளில் அழகாக நிற்கிற வாக்கியம் இது:

'மருத்துவரின் ஆலோசனையின்றி இடையில் நிறுத்தப்பட்ட மாத்திரையின் காரணமாக மீண்டும் உயரத் தொடங்கும் ரத்த அழுத்தம் எந்த அறிகுறியையும் காட்டாமல் இருக்கலாம்.'

பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பவர், எதைப்பற்றிப் பேச்சு என்று தெரியாமலே ஒன்பது சொல்லைக் கையில் சுமக்க வேண்டும். ஒரு சொல் நழுவினால் எல்லாம் போச்சு. காதுக்கு அது இப்படி வரும்:

'மாத்திரையை நீங்களா நிறுத்திட்டீங்க. உடம்புக்கு ஒண்ணும் தெரியாமப் போகலாம். தலைவலி, கிறுகிறுப்பு வராம இருக்கலாம். ஆனா பிரஷர் ஏறிக்கிட்டு இருக்கும்.'

நாலு வாக்கியம், நாலு வினை. ஆள் முதலில், செயல் உடனே. ஸ்கிரிப்டையே பேச்சு வடிவில் எழுதுங்கள். 'நிறுத்திவிட்டீர்கள்' என்று எழுதிவைத்துவிட்டு 'பேசும்போது மாத்திக்கலாம்' என்றால், பதிவின்போது பாதி எழுத்துத் தமிழும் பாதி பேச்சுத் தமிழுமாகக் கலந்துவரும். அந்தக் கலவையைக் காது உடனே பிடித்துவிடும். எந்த வட்டாரப் பேச்சு என்று கவலைப்படுபவர்கள், பேசுபவருக்கு இயல்பாக வருவதை வைத்துக்கொள்வது நல்லது. நடித்த வட்டார வழக்கைவிடச் சொந்தப் பேச்சு எங்கும் செல்லும்.

'மேற்கூறிய', 'பின்வரும்' இரண்டையும் அடித்துவிடுங்கள். காதுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. '140/90' என்று தாளில் இருப்பதை எப்படி உச்சரிப்பது என்று ஸ்கிரிப்டிலேயே எழுத்தால் எழுதுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஓர் எண் போதும். 'அரை', 'அறை' போன்றவை வேகப் பேச்சில் ஒன்றாகவே கேட்கும். 'அரை மாத்திரை' என்பதைப் 'பாதி மாத்திரை' என்று மாற்றிவிட்டால் தொல்லை இல்லை.

நீளத்தைக் கணக்கிட, நிமிடத்துக்கு 150 சொல் என்ற ஆங்கிலக் கணக்கை எடுக்காதீர்கள். விகுதியும் வேற்றுமையும் ஒட்டிய தமிழ்ச் சொல் நீளமானது, ஆகவே எண்ணிக்கை அதைவிடக் குறையும். பேசப்போகிறவரை ஒரு பக்கம் வாசிக்கவைத்து, கடிகாரம் பிடித்து, அவருக்கான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி அளவு பாட்காஸ்டுக்கு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு) என்பது பரவலான வழக்கம். இதைக் கவனிக்காவிட்டால் அடுத்த நிகழ்ச்சி வரும்போது கேட்பவர் காதைப் பொத்துவார்.

திரையில்

பலர் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். வணக்கம், பெயர், லோகோ எல்லாம் முடிந்து விஷயம் வருவதற்குள் விரல் தள்ளிவிடும். முதல் காட்சி, 'நார்மல்' என்று காட்டும் பிரஷர் கருவியும் அதன் பக்கத்தில் குப்பைக்குப் போகும் மாத்திரை அட்டையும். மேலே ஒரே வரி: 'நார்மல் ஆனதும் நிறுத்தலாமா?'

செங்குத்து வீடியோ 1080×1920 பிக்சல். கீழ்ப்பகுதியையும் வலது ஓரத்தையும் பொத்தான்களும் தலைப்பும் மூடிவிடும். எழுத்தை நடுவில் வையுங்கள். யூடியூப் முகப்புப் படத்தில் (தம்ப்நெயில்) வலது கீழ் மூலையில் வீடியோ எத்தனை நிமிடம் என்ற எண் உட்காரும், அங்கே எதையும் எழுதாதீர்கள். திரை வரி எவ்வளவு நேரம் நிற்கவேண்டும்? நிதானமாக இரண்டு முறை வாசித்துப் பாருங்கள், அவ்வளவு நேரம். சில எடிட்டிங் மென்பொருள்களில் தமிழைச் சரியாகக் கோக்கும் அமைப்பு இயங்காமல் இருக்கும். 'கொ'வின் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும். ஏற்றுமதி செய்தபின் போனிலேயே ஒருமுறை படித்துவிட்டு அனுப்புங்கள்.

சுவரிலும் குறுஞ்செய்தியிலும்

சுவரொட்டிக்குப் பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது பலகை எழுதுபவர்களின் கைக்கணக்கு. தமிழில் 'கூ', 'நீ' போன்றவற்றின் வாலையும் கொக்கியையும் சேர்த்து அளக்காதீர்கள். 'ட'வின் உயரம்தான் அளவு.

குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70. அதுவும் கண்ணுக்குத் தெரிகிற எழுத்துக் கணக்கு அல்ல. 'மாத்திரை' நமக்கு நாலெழுத்து. கால், புள்ளி, கொக்கி, கொம்பு எல்லாம் தனி இடம் பிடிப்பதால் அங்கே எட்டு. இதைப் பாருங்கள்:

'பிரஷர் சரியாக உள்ளதா? அது மாத்திரையின் வேலை. கேட்காமல் நிறுத்தாதீர்கள்.'

71 வருகிறது. ஒன்று கூடியதற்காக இரண்டு செய்தியாகப் பிரிந்து, கட்டணமும் இரண்டாகும். கடைசி முற்றுப்புள்ளியை எடுத்தால் 70. செய்தி மருத்துவமனையின் பெயரில் போனால் 'யாரைக் கேட்காமல்' என்பது சொல்லாமலே விளங்கும்.

சேர்ந்ததா என்று பார்ப்பது

வெளியிடுமுன், முதலில் பேசியவர்களில் மூன்று பேரிடம் கொடுத்து, 'இதில் என்ன சொல்லியிருக்கு?' என்று மட்டும் கேளுங்கள். 'மாத்திரை போடணும்னு' என்றால் தோற்றுவிட்டீர்கள். 'நார்மல்னு வந்தாலும் நிறுத்தக்கூடாதாம்' என்றால் சரி.

வெளியிட்டபின் ஊடகங்களின் எண்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்காதீர்கள். 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸில் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. பாட்காஸ்டின் பதிவிறக்க எண்ணிக்கை, கேட்டாரா என்று சொல்லாது. வீடியோவில் பார்வையாளர் நிலைப்பு வரைபடம்தான் (எந்த நொடிவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் கோடு) உருப்படியானது. முதல் சில நொடியில் செங்குத்தாக விழுந்தால் தலைப்பு ஒன்று சொல்கிறது, காட்சி வேறொன்று காட்டுகிறது. நடுவில் ஓரிடத்தில் சட்டென்று விழுந்தால் அந்த இடத்தைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 'சரி, இப்போது...' என்று சுற்றிவளைக்கும் பேச்சு அங்கே இருக்கும். கோடு மேலே எழும்பியிருந்தால் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். அது பிடித்ததாலா, புரியாததாலா என்று வரைபடம் சொல்லாது; கருத்துகளில் அதே இடத்தைப் பற்றிக் கேள்வி வந்திருக்கிறதா என்று தேடுங்கள்.