கடற்பஞ்சு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில், ரந்தாவ் போன்ற செம்பனைத் தோட்டத்து ஊர்களிலிருந்து போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போக ஒரு மணி நேரம்கூட ஆகாது. உயிரியல் செயல்திட்டத்துக்காகத் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் பாறையோரம் இறங்கும் மாணவர்கள், கடற்பஞ்சைக் கண்டதும் செய்யும் முதல் காரியம் அதை வெளியே தூக்கிப் பார்ப்பதுதான். முதல் தவறும் அதுதான்.

கடற்பஞ்சுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. உடம்பெல்லாம் வாய்க்கால். ஆஸ்டியா என்னும் நுண்துளைகள் வழியே நீர் உள்ளே போய், ஆஸ்குலம் என்னும் பெரிய துளை வழியே வெளியேறுகிறது. 10 செ.மீ. உயரம், 1 செ.மீ. தடிப்புள்ள லூக்கோனியா என்னும் சிறு கடற்பஞ்சு ஒரு நாளில் 22 லிட்டருக்கு மேல் நீரை இறைத்துவிடும் என்பது பாடநூல் கணக்கு. வெளியே தூக்கினால் வாய்க்காலுக்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். அந்தக் குமிழியைத் தள்ள, நீரை இறைக்கும் சாட்டை போன்ற கசையிழைகளுக்குச் சக்தி போதாது. அடைபட்ட இடத்திலிருந்து அழுகத் தொடங்கும். வற்றும்போது வெளியே தெரியும் பாறையில் வாழ்பவை ஓரளவு தாங்கும், எப்போதும் நீருக்குள் இருப்பவை தாங்காது. நீருக்குள் வைத்தே பாருங்கள். கல்லைப் புரட்டினால் முன்பு இருந்த பக்கமாகவே திருப்பி வையுங்கள். காலால் சேற்றைக் கலக்குவதும் அதே கேடுதான், வண்டல் துளையை மூடிவிடும்.

இனப்பெருக்கப் பகுதியில் விடைத்தாள்களில் வரும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "விந்தணு நீந்திப் போய் முட்டையைத் துளைக்கிறது" என்று எழுதுகிறார்கள். உண்மையில் ஒரு கடற்பஞ்சு ஆஸ்குலம் வழியே புகைபோல விந்தணுக்களை வெளியே விடுகிறது. நீரோடு அது இன்னொன்றின் உடலுக்குள் போகும்போது, கசையிழையால் நீரை இறைத்து இரை பிடிக்கும் கொயனோசைட் செல் அதை இரையைப் பிடிப்பது போலவே பிடிக்கிறது. ஆனால் செரிப்பதில்லை. தன் கசையிழையையும் கழுத்துப்பட்டையையும் உதறிவிட்டு, சுமைதாங்கிச் செல்லாக மாறி, விந்தணுவை முட்டையிடம் கொண்டு சேர்க்கிறது. அந்தப் புகையைக் கண்டு "பஞ்சு அழுகுகிறது" என்று குறித்துக்கொள்வதும் உண்டு.

ஜெம்யூல், அதாவது பாதகமான காலத்தைத் தாங்கிப் பிறகு புதுப் பஞ்சாக வளரும் செல் உருண்டை, எல்லாக் கடற்பஞ்சுக்கும் உண்டு என்று எழுதாதீர்கள். அது முக்கியமாக நன்னீர் இனங்களின் உத்தி. கடலில் சிலவற்றுக்கே உண்டு. எல்லாமே இருபால் உயிரி என்பதும் சரியல்ல. பீப்பாய்க் கடற்பஞ்சில் ஆண் வேறு, பெண் வேறு.

"பிய்த்துப் போட்டாலும் பிழைத்துக்கொள்ளும்" என்ற பேச்சுக்கு மூலம் 1907-இல் உயிரியலாளர் எச்.வி. வில்சன் செய்த சோதனை. துணியில் பிழிந்து பிரித்த செல்கள் மீண்டும் ஒன்றுகூடிக் கடற்பஞ்சாகின. அது ஆய்வகத்தில் நடந்தது. கரையில் பிய்த்தெறிந்த துண்டு மணலில் உருண்டு புதைந்துவிடும்.

இனம் காண்பதில்தான் உழைப்பெல்லாம் வீணாகிறது. நிறமும் வடிவமும் இடத்துக்கு இடம் மாறும், நம்ப வேண்டியது உடலைத் தாங்கும் எலும்புக்கூடு போன்ற நுண்முட்களை. அதற்காக உயிருள்ளதை வெட்டவும் வேண்டாம். கரையில் ஒதுங்கிக் காய்ந்த துண்டிலும் முட்கள் அப்படியே இருக்கும். மேல்தோலும் உட்சதையும் சேர்ந்து வரும்படி பச்சைப்பயறு அளவு எடுங்கள், இரண்டிலும் முட்கள் வேறுபடலாம். கண்ணாடிக் குழாயில் போட்டு, வீட்டில் துணி வெளுக்கும் குளோராக்ஸ் 2 மி.லி. ஊற்றி, மூடாமல், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சதை கரைந்து அடியில் வெள்ளையாகப் படியும். பிறகு நீர் விட்டு, கால் மணி நேரம் படியவிட்டு, மேல்நீரை மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். இப்படி நான்கு முறை. அவசரப்பட்டுக் கொட்டினால் மிகச்சிறிய முட்கள் நீரோடு போய்விடும். இனத்தைச் சொல்வது பல நேரம் அவைதான். சரியாகக் கழுவாவிட்டால் உப்புப் படிகம் காய்ந்து கண்ணாடித் தகட்டில் நிற்கும். சதுரம் சதுரமாகத் தெரிந்தால் அது முள் அல்ல, உப்பு.

முள் சுண்ணாம்பா, சிலிக்காவா என்று அறிய ஒரு துளி வினிகர் போதும். நுரைத்துக் கரைந்தால் சுண்ணாம்பு. குளோராக்ஸ் வாடை முழுதாகப் போன பிறகே வினிகரை விடுங்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். ரப்பர்ப் பால் உறைய ஊற்றும் ஆசிட் வீட்டில் கிடக்கிறதே என்று அதை எடுக்கவே எடுக்காதீர்கள், அது இன்னும் மோசம். குழாயில் ஒன்றுமே மிஞ்சவில்லையா? சோதனை கெட்டுவிட்டது என்று கொட்டாதீர்கள். குளியல் பஞ்சு வகைகளுக்கு முள்ளே கிடையாது, ஸ்பாஞ்சின் நார் மட்டும்தான். குளோராக்ஸ் அதையும் கரைத்துவிடும்.

மாதிரியைப் பத்திரப்படுத்த ஃபார்மலின் வேண்டாம், நாளானால் அமிலமாகிச் சுண்ணாம்பு முட்களை அரிக்கும். மாதிரியைப் போல் பத்து மடங்கு 95% ஆல்கஹால் ஊற்றுங்கள். பஞ்சுக்குள் இருக்கும் நீர் அதை நீர்க்கச் செய்யும் என்பதால் மறுநாள் மாற்றுங்கள். ஆல்கஹாலில் நிறம் போய்விடும், படத்தை முன்பே எடுத்துவிடுங்கள்.

வேதியியலில் அடிக்கடி வரும் பிழை: "சைட்டராபின் என்னும் இரத்தப் புற்றுநோய் மருந்தைக் கடற்பஞ்சிலிருந்து எடுக்கிறார்கள்." 1950-களின் தொடக்கத்தில் வேதியியலாளர் பெர்க்மன் கரிபியன் கடற்பஞ்சில் கண்டது ஸ்பாஞ்சோதைமிடின், ஸ்பாஞ்சோயூரிடின் ஆகிய சேர்மங்களை. அந்த அமைப்பைப் பார்த்து ஆய்வகத்தில் உருவாக்கியதே சைட்டராபின். கடற்பஞ்சிலிருந்தே மருந்தை எடுப்பது கட்டுப்படியாகாது என்பதற்கு ஹாலிகாண்ட்ரின் பி என்னும் சேர்மம் ஒன்றே போதும்: 600 கிலோ கடற்பஞ்சில் கிடைத்தது 12.5 மில்லிகிராம். புற்றுநோய் மருந்தான எரிபுலின் அதன் ஒரு பகுதியை ஒத்து, முழுக்க ஆய்வகத்திலேயே செய்யப்படுகிறது. இன்னொன்று, நச்சையெல்லாம் கடற்பஞ்சே சுரக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். தியோனெல்லா ஸ்வின்ஹோயி என்னும் கடற்பஞ்சில் பல சேர்மங்களை ஆக்குவது உள்ளே குடியிருக்கும் பாக்டீரியா.

இத்தனை நச்சும் கண்ணாடி முள்ளும் இருந்தும் அதையே தின்று வாழ்வது அழுங்காமை. பக்கத்து மலாக்காக் கரையில் முட்டையிட வருவது அதுதான். நம் தோல் அப்படியில்லை. வெறுங்கையால் தொட்டு அரிப்பெடுத்தால் தேய்க்காதீர்கள், முள் இன்னும் ஆழமாக இறங்கும். கையை உலரவிட்டு, ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்து முட்களை எடுத்துவிட்டு, வினிகரில் கால் மணி நேரம் ஊறவையுங்கள். வீங்கினாலோ கொப்பளித்தாலோ கிளினிக்குக்குப் போய், தொட்டது கடற்பஞ்சு என்று சொல்லுங்கள்.