பென் டிரைவ் திறக்கவில்லையா? ஃபார்மேட் கொடுக்கும் முன் ஒரு நகல்

போன மழைக்காலத்தில் ஏற்காட்டிலிருந்து பெரியம்மா போன் செய்தார். "கண்ணு, உங்க பெரியப்பா வச்சிருந்த பென் டிரைவைப் போட்டா ஃபார்மேட் பண்ணணும்னு கேக்குது. பேரன் சரின்னு அமுக்கப் போனான், நான்தான் கையைத் தட்டிவிட்டேன்." அந்த ஒரு தட்டில்தான் பெரியப்பாவின் எட்டு வருடப் படங்களும், காப்பித் தோட்டத்துக் கூலிக் கணக்கும் தப்பின. மறுநாள் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் அதை வாங்கி வந்தேன். அன்று செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் ஃபைலை காப்பி, பேஸ்ட் செய்யத் தெரிந்தவர் யாரும் இதைச் செய்யலாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பயம் போய்விடும். பென் டிரைவின் தொடக்கத்தில் ஒரு பதிவேடு இருக்கிறது. எந்த ஃபைல் எங்கே தொடங்குகிறது, எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்பதெல்லாம் அதில்தான் உள்ளது. பட்டா புத்தகம் கிழிந்துபோனால் நிலம் எங்கும் போய்விடாது அல்லவா? இதுவும் அப்படித்தான். பதிவேடு கெட்டால் விண்டோஸ் "ஃபார்மேட் செய்" என்கிறது. படங்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபைலை டெலிட் செய்தாலும் இதே கதைதான். ஃபேட்32 என்ற பதிவேட்டு முறையில் பெயரின் முதல் எழுத்தை மாற்றி, அந்த இடம் காலி என்று குறித்துவைப்பதோடு சரி. அந்த இடத்தில் வேறொன்றை எழுதும்வரை பழையது அங்கேயே கிடக்கும். அதனால் ஆபத்து எல்லாம் புதிதாக எழுதுவதில்தான் இருக்கிறது.

படி 1: எதையும் அமுக்காதீர்கள்

ஃபார்மேட் கேட்டால் கேன்சல். "இந்த டிரைவில் பிரச்சினை இருக்கிறது, ஸ்கேன் செய்து சரிசெய்யவா" என்று கேட்டாலும் வேண்டாம். செக்டிஸ்க் என்ற அந்த வேலை பதிவேட்டைத் திருத்தி எழுதும். சில சமயம் உங்கள் ஃபைல்களை எல்லாம் பெயரில்லாத துண்டுகளாக்கி ஒரு ஃபோல்டரில் தள்ளிவிடும்.

ஏற்கெனவே ஃபார்மேட் கொடுத்துவிட்டீர்களா? குயிக் ஃபார்மேட் என்றால் இன்னும் நம்பிக்கை உண்டு, பதிவேடு மட்டும்தான் புதிதாகியிருக்கும். ஆனால் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மேட் என்பது கடைசிவரை பூஜ்யங்களை எழுதிவிடும். அதில் மீட்க எதுவும் மிஞ்சாது.

படி 2: கோளாறு எந்த வகை என்று பாருங்கள்

பெரியம்மாவின் பென் டிரைவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். வாய்க்குள் நான்கு தகடுகள் தெரியும். ஓரத்தில் இருக்கும் இரண்டும் கொஞ்சம் நீளம், அவை கரண்ட்டுக்கு. நடுவில் உள்ள குட்டையான இரண்டும்தான் தகவலைக் கொண்டுபோகும். ஏற்காட்டு மூடுபனியில் பீரோவுக்குள் கிடந்து, நடுத் தகடு ஒன்றில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. இப்படி இருந்தால் விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்கோ சில சமயம் ஒன்றும் தெரியாது. செல்போன் சர்வீஸ் கடைகளில் வைத்திருக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, வாயிலிருந்து உள்பக்கமாக மெதுவாகத் துடைத்தேன். நன்றாகக் காயவிட்டு மறுபடி செருகியபோது, முன்பு விட்டுவிட்டு வந்த இணைப்பு நிலையாக வந்தது. ஃபார்மேட் கேட்பது மட்டும் நிற்கவில்லை.

டிரைவின் அளவு சரியாகத் தெரிந்தால் மேலே போகலாம். 16 ஜிபி டிரைவ் விண்டோஸில் 14 புள்ளி சொச்சம் ஜிபி என்று காட்டும், அது குறையில்லை. அளவு பூஜ்யம் என்றோ "டிஸ்கைச் செருகவும்" என்றோ வந்தால் உள்ளே டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப் போயிருக்கலாம். அதற்கு எந்த சாஃப்ட்வேரும் உதவாது, டேட்டா ரெகவரி செய்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். வெளி ஹார்ட் டிஸ்க் "டக், டக்" என்று அடித்தால் அந்த நொடியே கழற்றிவிடுங்கள். ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே தட்டு கீறப்படலாம். ஃப்ரீசரில் வைக்கச் சொல்வதைத் தயவுசெய்து கேட்காதீர்கள், ஈரம் சேர்ந்து இன்னும் கெடும்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரிந்தால் அது வைரஸ். ஷார்ட்கட் எதையும் திறக்காமல், ஃபோல்டர் ஆப்ஷனில் மறைந்த ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் உங்கள் ஃபைல்கள் அங்கேயே ஒளிந்திருக்கும்.

படி 3: முழு நகல் எடுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி, நிறைய பேர் தாண்டிப் போவதும் இதைத்தான். சாகக் கிடக்கும் பென் டிரைவிலேயே மீட்கும் வேலையைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் பாதியில் அது கண்ணை மூடிவிடும். ஒரே ஒரு முறை முதலிலிருந்து கடைசிவரை படித்து ஒரு பெரிய ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள். இதை இமேஜ் என்பார்கள். பிறகு எத்தனை சோதனை வேண்டுமானாலும் நகலில் செய்யலாம்.

நான் இதற்கு உபுண்டு என்ற, விண்டோஸ் மாதிரியான இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறேன். இலவசம்தான். வேறொரு நல்ல 8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் என்ற சிறு புரோகிராம் மூலம் உபுண்டுவை ஏற்றி, கம்ப்யூட்டரை அதிலிருந்து துவக்குங்கள். "ட்ரை உபுண்டு" என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டால் கொடுத்தால் உங்கள் விண்டோஸே போய்விடலாம்.

அப்புறம் நகலை வைக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்கைச் செருகுங்கள். அது என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் என்ற பதிவேட்டு முறையில் இருக்க வேண்டும். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக வைக்க முடியாது. கடைசியாகக் கெட்ட பென் டிரைவைச் செருகி, "டிஸ்க்ஸ்" என்ற புரோகிராமைத் திறங்கள். இடது பக்கப் பட்டியலில் அளவைப் பார்த்து பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். மேலே மூன்று புள்ளி மெனுவில் "கிரியேட் டிஸ்க் இமேஜ்" இருக்கும். இங்கே நிதானம் தேவை. அதற்கு மேலே "ஃபார்மேட் டிஸ்க்", கீழே "ரிஸ்டோர் டிஸ்க் இமேஜ்". இரண்டுமே பென் டிரைவை அழித்துவிடும். நான் இன்றும் அந்த இடத்தில் வாய்விட்டு ஒருமுறை படித்துவிட்டுத்தான் அமுக்குகிறேன். சேமிக்கும் இடமாக வெளி ஹார்ட் டிஸ்கைக் காட்டுங்கள்.

நல்ல நிலையில் உள்ள 16 ஜிபிக்குக் கால் மணி நேரம் ஆகலாம். பெரியம்மாவுடையது நடுவில் ஓரிடத்தில் திணறித் திணறி ஒன்றரை மணி நேரம் எடுத்தது. பொறுமையாக விடுங்கள். படிக்க முடியாத இடங்களில் பூஜ்யத்தைப் போட்டுவிட்டு அது மேலே நகர்ந்துவிடும். முடிவில் பிழை இருந்ததாகச் சொல்லி, நகலை நீக்கவா என்று கேட்டால் நீக்க வேண்டாம். முடிந்ததும் பென் டிரைவைக் கழற்றி ஒரு கவரில் போட்டு வைத்துவிடுங்கள். இனி அதற்கு வேலை இல்லை.

படி 4: நகலிலிருந்து மீட்பு

விண்டோஸுக்குத் திரும்பி, முதலில் அந்த இமேஜை செவன்-ஜிப் என்ற புரோகிராமில் திறந்து பாருங்கள். பதிவேடு ஓரளவு பிழைத்திருந்தால் ஃபோல்டர்கள் பெயரோடு அப்படியே தெரியும், வெளியே இழுத்துப் போட்டால் போதும். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அப்போது கைகொடுப்பது ஃபோட்டோரெக் என்ற புரோகிராம். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியது, முழுக்க இலவசம். "இலவசம்" என்று கூப்பிட்டு, தேடி முடித்ததும் சேமிக்கப் பணம் கேட்கும் புரோகிராம்கள் நிறைய உண்டு, அவற்றில் நேரத்தை விடாதீர்கள். ஃபோட்டோரெக் ஃபைல்களைத் தேடப் பதிவேட்டை நம்புவதில்லை. ஃபைல்களின் முகத்தைப் பார்த்து அடையாளம் காண்கிறது. ஜேபெக் படம் எதுவானாலும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளில்தான் தொடங்கும். இன்றைய எக்செல், வேர்டு ஃபைல்கள் உள்ளுக்குள் ஜிப் (பல ஃபைல்களைச் சுருக்கிக் கட்டிய ஒரே ஃபைல்) என்பதால் "பிகே" என்று தொடங்கும். ஜிப் முறையை உருவாக்கிய ஃபில் கட்ஸின் முதலெழுத்துகள் அவை.

பதிவிறக்கிய ஃபோட்டோரெக் ஜிப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் கியூஃபோட்டோரெக்கைத் திறங்கள். மேலே உள்ள பட்டியலில் "ஆட் எ ரா டிஸ்க் இமேஜ்" கொடுத்து உங்கள் நகலைக் காட்டுங்கள். கீழே தெரியும் பார்ட்டிஷனை, அதாவது டிரைவின் பகுதியை, தேர்ந்தெடுங்கள். ஃபைல் சிஸ்டம், அதாவது பதிவேட்டு முறை, கேட்கும் இடத்தில் ஃபேட், என்டிஎஃப்எஸ் இருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து "ஃப்ரீ", "ஹோல்" என்று இரண்டு இருக்கும். டெலிட் ஆனது மட்டும் வேண்டுமென்றால் முதலாவது. டிரைவே திறக்கவில்லை என்றால் "ஹோல்". சேமிக்க ஒரு காலி ஃபோல்டரைக் காட்டி, "சர்ச்".

பெயர்கள் திரும்பி வராது. எஃப் என்ற எழுத்தும் ஓர் எண்ணுமாக ஃபைல்கள் குவியும். படங்களை, கேமரா பதித்த தேதியை வைத்து வரிசைப்படுத்தலாம். பெரிய வீடியோக்கள் டிரைவில் துண்டு துண்டாகக் கிடந்திருந்தால் பாதியில் நிற்கும். அதற்கு மேல் இந்த வழியில் கிடைக்காது.

பெரியம்மாவுக்கு மீண்டவற்றில், காப்பியைப் பூக்கவைக்கும் பூ மழைக்குப் பின் தோட்டம் முழுக்க வெள்ளையாகக் காப்பி பூத்த படம் ஒன்றும், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியைப் பிடித்தபடி பெரியப்பா நிற்கும் படம் ஒன்றும் இருந்தன. சில படங்கள் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவே வந்தன, பென் டிரைவ் திணறிய இடம் அது. கூலிக் கணக்கு எக்செல் முழுசாகத் திறந்தது. எல்லாவற்றையும் ஒரு புது ஹார்ட் டிஸ்கிலும் பேரனின் லேப்டாப்பிலும் போட்டுக் கொடுத்தேன். பெரியம்மா ஒவ்வொரு படமாகப் பார்த்து முடித்து, வேறெதுவும் விட்டுப்போகவில்லை என்று சொல்லும்வரை இமேஜ் ஃபைலை நான் அழிக்கவில்லை.